மகனின் கண்ணில் ஊர்ந்த புழுவும் எங்கள் கறுப்பனும்

2018 மாசி. பெரும்போக வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் கரையோரம்தான் எங்கள் வளவு. வெட்டு மெஷின் எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து இவர் வயலிலேயே கிடந்தார். அந்தக் கிழமைதான் மகனின் வலது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, கச்சான் பருப்பளவில் ஒரு வீக்கம் வந்தது. அவனுக்கு அப்போது நான்கு வயது. நோவில்லை, காய்ச்சலில்லை. கொஞ்சம் கடிக்கிறது என்று மட்டும் சொன்னான். நுளம்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் வீக்கத்தைக் காணவில்லை. பத்தாம் நாள் அது மேல் இமையில் இருந்தது. "உது கண்கட்டி பிள்ளை, வெக்கைக்கு வாறது" என்று மாமி சந்தனம் உரைத்துப் பூசினா. அதற்கும் வற்றாததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அன்று வரிசை படலை வரை நின்றது. பார்த்தவர் கண்கட்டி என்று சொல்லி, விடும் மருந்தும் ஒரு பாணி மருந்தும் எழுதினார். "இது முதல் கன்னத்தில இருந்தது" என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அடுத்த துண்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் எழும்பி வந்துவிட்டேன். அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் வந்தேனே என்று இன்றும் மனம் குத்துகிறது. தோலுக்குக் கீழே இடம் மாறும் வீக்கம் சாதாரணக் கட்டி அல்ல. அதைச் சொல்லியிருந்தால் அவருக்கும் வேறு யோசனை வந்திருக்கும்.

மூன்று நாள் கழித்து, இரவு பாயில் படுத்திருந்தவன் எழும்பி உட்கார்ந்து, "அம்மா, கண்ணுக்க ஏதோ ஊருது" என்றான். ரோச் லைட் அடித்துப் பார்த்தேன். கண்ணின் வெள்ளையில், மேல் சவ்வுக்குள்ளே, தையல் நூல் போல ஒன்று வளைந்து கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது அசைந்தது.

விடியும்வரை அவனை மடியில் வைத்திருந்தேன். கண்ணைக் கசக்க விடாமல் இரண்டு கையையும் பிடித்தபடி இருந்தேன். மாமி தாய்ப்பால் விடச் சொன்னா, பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணீர் விடச் சொன்னா. ஒன்றையும் விடவில்லை. பயத்தில் எதுவும் செய்யத் தோன்றாமல் இருந்தேன் என்பதுதான் உண்மை. பிறகு கண் வைத்தியர் சொன்னார், அப்படி இருந்ததே நல்லது என்று. கசக்கினாலோ எதையாவது விட்டாலோ புழு உள்ளே போய் ஒளித்துக்கொள்ளும், எடுப்பது கஷ்டமாகிவிடும்.

விடிந்ததும் ஓட்டோ பிடித்து, கண் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு மகனின் படத்தை ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் அனுப்புவது என் வழக்கம். அந்தப் படங்கள் போனில் திகதியோடு கிடந்தன. கன்னத்தில் வீக்கம், ஒன்றுமில்லாத முகம், பிறகு இமையில் வீக்கம். வைத்தியர் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். என்னால் வாயால் ஒழுங்காகச் சொல்ல முடியாததைப் படங்கள் சொல்லிவிட்டன. பிள்ளையின் உடம்பில் விளங்காத வீக்கம் எது வந்தாலும் தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள் என்று அன்றிலிருந்து எல்லாத் தாய்மாருக்கும் சொல்லி வருகிறேன்.

மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தார்கள். ஒரு சின்னப் போத்தலுக்குள் போட்டு எனக்குக் காட்டினார்கள். வெள்ளை நூல், என் நடுவிரலைவிட நீளம், நெளிந்துகொண்டிருந்தது. நான்கு வயதுப் பிள்ளையின் கண்ணுக்குள் அவ்வளவு நீளமான ஒன்று சுருண்டு கிடந்ததை நினைக்கக் கால் உதறியது. போத்தலை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் வைத்தியர் கேட்டார்.

"வீட்டில நாய் இருக்கோ அம்மா?"

இருந்தது. கறுப்பன்.

கறுப்பனைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மீள்குடியேறி வந்தபோது எங்கள் கிராமத்தில் ஆட்களைவிட நாய்கள்தான் கூட. சொந்தக்காரர் திரும்பி வராத வளவுகளைக் காத்துக்கொண்டு அவை கிடந்தன. அப்படி ஒரு பெட்டை எங்கள் தறப்பாள் கொட்டிலுக்குக் கீழே வந்து ஒதுங்கியது. அதன் கடைசி ஈற்றுக் குட்டிதான் கறுப்பன். மகன் பிறந்த வருடமே அவனும் பிறந்தான். மகன் தவழும்போது வாய்க்கால் பக்கம் போகவிடாமல் குறுக்கே படுத்துக்கொள்வான். இப்படிப்பட்டவனிடமிருந்துதான் புழு வந்தது என்று கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்தப் புழுவின் பெயர் டைரோபிலேரியா ரெபென்ஸ். நாயின் தோலுக்குக் கீழே வாழ்வது. தாய்ப்புழு இடும் நுண்ணிய குஞ்சுகள் நாயின் இரத்தத்தில் ஓடும். நுளம்பு நாயைக் கடிக்கும்போது அவை நுளம்புக்குள் போய், பத்துப் பதினான்கு நாளில் வளர்ந்து, பிறகு அது கடிக்கும் அடுத்த உடம்புக்குள் இறங்கும். அந்த உடம்பு இன்னொரு நாயாக இருந்தால் புழுவுக்கு வசதி. மனிதராக இருந்தால் அது வழி தவறிய புழு. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். குஞ்சு பொரிக்காது. தோலுக்குக் கீழே கட்டியாக நின்றுவிடும், இல்லையென்றால் ஊர்ந்து திரியும். இலங்கைக்கு இது புதிதல்ல. பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்க போன்ற ஒட்டுண்ணியியல் அறிஞர்கள் 1960களிலிருந்தே இத்தகைய நோயாளரைப் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுபிள்ளைகளில்தான் அதிகம். முகத்திலும் கண்ணிலும் மட்டுமல்ல, ஆண்பிள்ளைகளின் விதைப்பையிலும் கட்டியாக வரும். வெட்கப்பட்டு மறைக்காமல் காட்ட வேண்டிய இடம் அது.

எனக்கு இரண்டு பயம் இருந்தது. யானைக்கால் வருமா? தங்கச்சிக்குத் தொற்றுமா? இரண்டுமே இல்லை என்றார். யானைக்கால் புழு வேறு, அது மனிதரிலிருந்து நுளம்பு வழியாக மனிதருக்கு வருவது. அதை இலங்கை பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. மகனின் இரத்தத்தில் குஞ்சுகள் ஓடாததால் அவனிடமிருந்து எவருக்கும் போகாது. புழுவை எடுத்ததோடு வைத்தியமும் முடிந்தது, வேறு மருந்துகூடத் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும்தான் மற்றப் பிரச்சினை தொடங்கியது.

"நாயைக் கொண்டுபோய் விடு பிள்ளை. உனக்குப் பிள்ளையா நாயா?" என்று மாமி கேட்டா. இவருடைய தம்பி உழவு மெஷினில் ஏற்றி மாங்குளம் தாண்டிக் காட்டில் விட்டுவிடுகிறேன் என்று வந்து நின்றான். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். பிள்ளையின் கண்ணைப் பார்த்து அவர்களும் பயந்திருந்தார்கள். ஆனால் வைத்தியர் சொன்ன பத்துப் பதினான்கு நாள் என்ற கணக்கு எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கறுப்பனைக் கடித்த நுளம்பு அடுத்த நிமிடமே மகனைக் கடித்தாலும் ஒன்றும் ஆகாது. புழு நுளம்புக்குள் முற்ற வேண்டும். அப்படியென்றால் மகனைக் கடித்த நுளம்பு இரண்டு கிழமைக்கு முன் எந்த நாயைக் கடித்ததோ, யாருக்குத் தெரியும்? வாய்க்கால் கரையில் இருபது நாய் நிற்கிறது. கறுப்பனைத் துரத்தினால் பத்தொன்பது மிச்சம். காட்டில் விடப்படும் கறுப்பனும் மருந்தில்லாமல் திரிந்து இன்னோர் ஊர் நுளம்புக்கு இரத்தம் கொடுப்பான்.

இதை இவருக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, முதல்ல மிருக வைத்தியரிட்டக் காட்டுவம்" என்றார்.

மிருக வைத்தியர் என்னைவிட இளைய பெண். கறுப்பனின் காலில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். "அக்கா, வந்து பாருங்கோ" என்றார். பார்த்தேன். வட்ட வட்டமான இரத்த அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, பாம்புக் குட்டிகள் போல ஒன்றல்ல, நாலைந்து துடித்துக்கொண்டிருந்தன. ஒரே துளியில். கறுப்பனோ ஒன்றும் நடக்காததுபோல் வாலாட்டிக்கொண்டு நின்றான். இந்தப் புழு நாய்க்குப் பெரிதாக நோய் காட்டாது, கொஞ்சம் சொறி, சில வேளை தோலில் ஒரு சின்ன உருண்டை, அவ்வளவுதான், அதனால்தான் எவரும் தேடிப் பார்ப்பதில்லை என்றார்.

அன்றிரவு அண்ணா கனடாவிலிருந்து எடுத்தார். "உது இதயப்புழு. நாயைச் சாக்கொல்லும். இஞ்ச நாங்கள் வெயில் காலம் முழுக்க மாசம் ஒரு குளிசை குடுக்கிறம்" என்றார். அடுத்த முறை போனபோது மிருக வைத்தியரிடம் கேட்டேன். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு புழு என்று பிரித்துச் சொன்னார். இதயப்புழு என்பது டைரோபிலேரியா இமிட்டிஸ். அதுவும் நுளம்பு வழியாகத்தான் வருகிறது. நாயின் இதயத்தின் வலது பக்கத்திலும் நுரையீரலுக்குப் போகும் குழாய்களிலும் தங்கி, 30 சென்ரிமீற்றர் வரை வளர்ந்து, ஐந்து முதல் ஏழு வருடம் வாழும். நாய் இருமி, இளைத்து, இதயம் களைத்துச் சாகும். மனிதருக்குள் வந்தால் நுரையீரலில் போய்ச் செத்து, எக்ஸ்ரேயில் நாணயக்குற்றி போன்ற நிழலாகத் தெரியும். புற்றுநோயோ என்று பயந்து வெட்டிப் பார்த்தவர்களும் உண்டாம். இலங்கை நாய்களில் பரவலாக இருப்பது தோலுக்குக் கீழ் வாழும் ரெபென்ஸ்தான். வெளிநாட்டு உறவுகள் சொல்வதைக் கேட்டு இதயப்புழு மருந்தைத் தேடி ஓடாமல், நம் நாயின் இரத்தத்தில் இருப்பது எது என்று முதலில் பார்ப்பதே முறை.

கறுப்பனைத் தராசில் நிறுத்து எடை பார்த்து, மாதம் ஒருமுறை கொடுக்கும் மருந்து எழுதினார். இரத்தத்தில் ஓடும் குஞ்சுகள் அதில் குறையும். தாய்ப்புழு உடனே சாகாது, அதனால் விடாமல் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய பிழை ஒன்றை இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும். மாட்டுக்குப் போடும் ஐவமெக்ரின் ஊசி மருந்து பட்டிக்காரர் பலரின் வீட்டில் இருக்கும். உண்ணிக்கு நல்லதென்று அதை நாய்க்கும் கண் மட்டத்தில் ஏற்றிவிடுவார்கள். எங்களுக்கு மூன்று வளவு தள்ளி ஒருவர் அப்படித்தான் செய்தார். நாய் வீணீர் வடித்து, தள்ளாடி, கண் தெரியாமல் சுவரில் முட்டி, மூன்றாம் நாள் செத்தது. மாட்டுக்கு அளந்த செறிவான மருந்து அது. நாய்க்குத் தேவையான அளவு அதில் ஒரு துளிக்கும் குறைவாக இருக்கலாம். அந்த மனிதர் நாயைக் கொல்ல நினைத்தவர் அல்ல, நல்லது செய்யத்தான் நினைத்தார். ஆகவே எடை பார்க்காமல் எந்த மருந்தும் வேண்டாம்.

நுளம்பு விஷயத்தில் எங்களால் முடிந்தது கொஞ்சம்தான். வாய்க்கால், வயல், குளம் எல்லாம் இருக்கும் இடத்தில் நுளம்பை ஒழிக்க முடியாது. மலேரியா இல்லாத நாடென்று 2016இல் சான்றிதழ் கிடைத்த பிறகு எங்கள் சனம் நுளம்பு வலையைச் சுருட்டி அலுமாரியில் வைத்துவிட்டது. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். திரும்பவும் எடுத்துத் தோய்த்துக் கட்டினேன், பகலில் பிள்ளைகள் தூங்கும்போதும். பொழுதுபடும் நேரம் கைகால் மூடிய உடுப்பு. சிரட்டை, பழைய ரயர், கிணற்றடிக் குழி எல்லாவற்றையும் கவிழ்த்தும் தூர்த்தும் விட்டோம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் அந்த ஒரு புழுவை மட்டும் தெரிந்துகொண்டிருப்பேன். மிருக வைத்தியர் எங்கள் வளவுக்கு வந்த நாளில், வாசலில் கிடந்த மணல் குவியலைப் பார்த்து நின்றுவிட்டார். வீட்டுத்திட்டத்துக்கு இறக்கி மிஞ்சிய மணல். பிள்ளைகள் அதில்தான் வீடு கட்டி விளையாடுவார்கள். நாய்களும் பூனைகளும் அதைத்தான் கிளறி மலங்கழிக்கும். "அக்கா, எனக்குக் கறுப்பனை விட இதுக்குத்தான் பயம்" என்றார்.

நாய்க்குட்டியின் வயிற்றில் இருக்கும் டொக்சோகாரா என்ற உருளைப்புழுவுக்கு நுளம்பு வேண்டாம், மண்ணும் வாயும் போதும். தாய் நாயின் உடம்பில் உறங்கிக் கிடக்கும் குஞ்சுப்புழுக்கள், அது சினைப்பட்டதும் விழித்து, பிறக்காத குட்டிக்குள்ளேயே போய்விடும். பிறகு பாலிலும் போகும். அதனால் மருந்து கொடுக்காத குட்டி எல்லாவற்றிலும் புழு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு புழு நாளொன்றுக்குப் பல்லாயிரம் முட்டை இடும். அந்த முட்டை புது மலத்தில் தொற்றாது, மண்ணில் இரண்டு மூன்று கிழமை கிடந்து முற்றிய பிறகுதான் தொற்றும். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு நிம்மதி. தினமும் காலையில் அள்ளிப் புதைத்தால் அது முற்ற முன்னமே தடுத்துவிடலாம். விட்டுவிட்டால் வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். மண் அளைந்த கையை வாயில் வைக்கும் பிள்ளைக்குள் போனால், ஈரலிலும் நுரையீரலிலும் அலையும். கண்ணுக்குள் போனால் பார்வையே போகலாம். கண் என்றதும் எனக்கு மறுபடி வயிறு கலங்கியது. அன்றே மணலை இழுத்துக் குவித்துத் தறப்பாளால் மூடிக் கல் வைத்தோம்.

வல்லாரையையும் யோசித்தேன். வாய்க்கால் கரையில் பிடுங்கிப் பச்சையாகச் சம்பல் போடுகிறோம். அந்தக் கரையில் எத்தனை நாய் நடக்கிறது! இப்போது மூன்று தண்ணீர் மாற்றி, இலை இலையாகக் கழுவித்தான் அரிகிறேன்.

நாயின் குடலில் வாழும் கொழுக்கிப்புழுவின் வழி வெறுங்கால். ஈர மண்ணில் நிற்கும் குஞ்சுகள் தோலைத் துளைத்து ஏறும். வாய்க்கால் துப்புரவாக்கப் போன இவருக்குப் பாதத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. இரவில் கடி தாங்காது. நாலு நாளில் கோடு இரண்டு விரல்கடை நகர்ந்திருந்தது. மண்ணெண்ணெய் பூசு, நெருப்பால் சுடு என்று பலரும் சொன்னார்கள். புழு கோட்டின் முனையைத் தாண்டி முன்னே போயிருக்கும், சுட்டால் காலில் புண்தான் மிஞ்சும். வைத்தியர் கொடுத்த அல்பென்டசோல் குளிசையோடு அடங்கியது. கொழுக்கிப்புழுக்களில் ஒன்றின் பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. ஆன்சிலோஸ்டோமா சிலானிக்கம். 1911இல் சிலோனில் ஒரு மரநாயின் குடலில் கண்டு வைத்த பெயர். நாய், பூனையில் வாழும் அது மனிதரின் குடலிலும் முழுதாக வளர்ந்து இரத்தம் குடிக்கக்கூடியது. வயலுக்கும் தோட்டத்துக்கும் வெறுங்காலோடு போவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் நாய் திரியும் ஈர நிழலில் மட்டுமாவது செருப்பு வேண்டும்.

நாயின் வாலடியில் காய்ந்த அரிசி போல ஒட்டியிருக்கிறதே, அது நாடாப்புழுவின் துண்டு. அது தெள்ளு வழியாக வருவது. தெள்ளைத் தவறி விழுங்கும் பிள்ளைக்கும் வரும். புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துத் தெள்ளை விட்டால் திரும்ப வரும். பெரிய ஆபத்தில்லை, மருந்துக்குப் போய்விடும்.

பூனை பற்றி என் தங்கச்சிக்காகக் கேட்டேன். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பூனை மலத்தில் வரும் டொக்சோபிளாஸ்மா என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளையைத் தாக்கலாம். ஆனால் அது வெளிவந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும். தினமும் வேறு யாராவது அள்ளிவிட்டால் பூனையைத் துரத்தத் தேவையில்லை. அரைவேக்காட்டு இறைச்சியிலும் அது வரும் என்று வைத்தியர் சொன்னதும் நான் இவரைப் பார்த்தேன். வேட்டைப் பன்றி இறைச்சியை நெருப்பில் வாட்டித் தின்னும் கூட்டம் எங்கள் வீட்டிலும் உண்டு. தங்கச்சிக்கு அந்த வருடம் முழுக்க நன்றாக அவித்த கறி மட்டும்தான்.

ஆறு மாதம் கழித்துக் கறுப்பனின் இரத்தத்தை மறுபடி பார்த்தார்கள். நுணுக்குக்காட்டியில் நான் நெடுநேரம் தேடினேன். அணுக்கள் மட்டும் அசையாமல் கிடந்தன. மாமியிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு மீன் தலையைக் கறுப்பனின் சட்டியில் அவவே போட்டா.

மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கண்ணில் ஒரு தழும்புகூட இல்லை. வாய்க்கால் கரை வீடுகளில் நாய் குட்டி ஈன்றால் எனக்கு ஆள் வரும். எடை பார்க்கத் தராசோடு போவேன். இரண்டாம் கிழமையில் முதல் பூச்சி மருந்து, பிறகு எட்டுக் கிழமை வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒன்று, தாய்க்கும் சேர்த்து. திகதிகளைக் கலண்டரில் மகன்தான் வட்டமிடுகிறான். மூன்றாம் வளவில், நாயை இழந்த அந்த மனிதரின் வீட்டில், புதிதாக வந்த பெட்டை ஐந்து குட்டி போட்டிருக்கிறது. போன கிழமை அவரே வந்து, "பிள்ளை, அந்தத் தராசைக் கொஞ்சம் கொண்டு வாறியா?" என்று கேட்டார். வரும் சனிக்கிழமை அவற்றுக்கு நான்கு கிழமை.